கொடி பிடுங்கிய நிலத்தில் படரும் தீ: பிரான்ஸின் கோர்பியேர் ஒயின் மண்டலத்தில் இரட்டை நெருக்கடி

புதுதில்லி: பிரான்ஸின் தென்பகுதியில், ஸ்பெயின் எல்லைக்கு அருகே உள்ள ஓத் மாவட்டத்தில், 2025 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பிற்பகல் ரிபோத் என்னும் சிற்றூரின் அருகே தீப்பற்றியது. இரண்டு நாள்களில் அது சுமார் 16,000 ஹெக்டேர் நிலப்பரப்பைக் கடந்து சென்றது. பாரிஸ் மாநகரின் பரப்பைப் போல ஒன்றரை மடங்கு இது. ஒரு மூதாட்டி தமது வீட்டிலேயே உயிரிழந்தார்; 36 வீடுகள் அழிந்தன; தீயணைப்புப் பணியில் சுமார் 2,000 வீரர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். பிரான்ஸின் மத்தியதரைக்கடல் பகுதியில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இத்தகைய பெருந்தீ பதிவாகவில்லை.

தீ கடந்து சென்ற நிலத்தின் பெயர் கோர்பியேர். ஒயின் அருந்துவோருக்கு இப்பெயர் புதிதன்று. லாங்தோக் எனப்படும் தென்பிரெஞ்சு ஒயின் வட்டாரத்தில், புவிசார் சான்று பெற்ற உட்பிரிவுகளுள் மிகப் பெரியது இதுவே. தீ அணைந்த பின்னர் அப்பகுதியின் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் விவசாயிகளும் தீயணைப்பு வீரர்களும் திரும்பத் திரும்பக் கூறிய செய்தி ஒன்றே: முன்பு திராட்சைத் தோட்டங்கள் இருந்த இடங்களில் தீ தயங்கி நின்றது, தோட்டங்கள் அகற்றப்பட்ட இடங்களில் தடையின்றி ஓடியது.

அத்தோட்டங்களில் பெரும்பகுதியை அகற்றியவர்கள் அவற்றின் உரிமையாளர்களே. அதற்கு அரசு பணமும் கொடுத்தது. விற்பனையாகாத ஒயினைக் குறைப்பதற்காக, கொடிகளை வேரோடு பிடுங்குவோருக்கு ஹெக்டேருக்கு 4,000 யூரோ வழங்கும் திட்டம் 2024 இறுதியில் தொடங்கப்பட்டது. ஒயின் சந்தையைச் சீர்செய்யச் செலவிடப்பட்ட பணம் தீயின் பாதையைத் திறந்துவிட்டதா என்பதே ஓத் மாவட்டத்தில் இன்று எழுந்துள்ள கேள்வி. முழுமையாக ஆம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், கேள்வியைப் புறந்தள்ளவும் இயலாது.

கல்லும் காற்றும்

கோர்பியேர் என்பது நார்போன், கார்காசோன் ஆகிய நகரங்களுக்கும் பிரனே மலையடிவாரத்துக்கும் இடைப்பட்ட மேடுபள்ளமான நிலம். கிழக்கே கடலை ஒட்டிய உப்பங்கழிகள். மேற்கே உயர்ந்து செல்லும் சுண்ணாம்புக்கல் குன்றுகள். அவற்றின் உச்சியில் பேர்பெர்த்யூஸ், கெரிபூஸ் போன்ற இடைக்காலக் கோட்டைகளின் இடிபாடுகள். வடமேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றை உள்ளூர் மக்கள் 'செர்ஸ்' என்று அழைக்கின்றனர். ஆண்டின் பெரும்பாலான நாள்களில் ஓயாமல் வீசும் இக்காற்று திராட்சைக் குலைகளில் ஈரத்தைத் தங்கவிடாது. எனவே பூஞ்சை நோய் குறைவு. கோடையில் தீப்பொறி விழுந்தால், அதே காற்று அதனைப் பெருந்தீயாக்கிவிடும்.

இங்கு விளையும் ஒயினில் பெரும்பங்கு சிவப்பு. கரிஞான், கிரெனாஷ், சிரா, மூர்வேத்ரு ஆகிய திராட்சை வகைகளைக் கலந்து தயாரிக்கின்றனர். இவற்றுள் இம்மண்ணோடு நெடுங்காலம் பிணைந்தது கரிஞான். பந்தலும் கம்பியும் இன்றி, முழங்கால் உயரத்தில் முறுக்கேறிய கட்டையாக நிற்கும் கொடி அது. வறட்சியையும் வெயிலையும் தாங்கும். வயதேற ஏற விளைச்சல் குறைந்து சாறு செறியும். மிகுதியாக விளைவிக்கப்பட்ட காலத்தில் மலிவு ஒயினின் அடையாளம் என்று இகழப்பட்ட இவ்வகை, இன்று முதிர்ந்த கொடிகளின் சிறப்புக்காகத் தேடப்படுகிறது. 1985-இல் கோர்பியேருக்குப் புவிசார் சான்று கிடைத்தது. அதன் நடுப்பகுதியான பூதனாக், முதிர்ந்த கரிஞான் கொடிகளுக்குப் பெயர்பெற்றது. 2005-இல் அதற்குத் தனிச் சான்றும் வழங்கப்பட்டது.

தோட்டங்களைச் சூழ்ந்திருப்பது 'கரிக்' என்னும் புதர்க்காடு. ரோஸ்மேரி, தைம், முள் ஓக், அலெப்போ ஊசியிலை மரம் ஆகியவை அடர்ந்த இந்நிலத்தின் நறுமணம் ஒயினிலும் கலந்திருப்பதாக விற்பனையாளர்கள் வருணிப்பதுண்டு. அந்த மணத்துக்குக் காரணமான எண்ணெய்ச் சத்துதான் கோடையில் இப்புதர்களை எளிதில் எரியச் செய்கிறது என்பதை அவ்வருணனைகள் சொல்வதில்லை.

கொடி எவ்வாறு தீயைத் தடுக்கிறது?

ஆகஸ்ட் மாதத்தில் கரிக் புதர்கள் காய்ந்து கிடக்கும்போது, பராமரிக்கப்படும் திராட்சைத் தோட்டம் பச்சையாகவே இருக்கும். கொடியின் வேர் ஆழத்திலிருந்து நீரை எடுப்பதால் இலைகளில் ஈரம் குன்றுவதில்லை. வரிசைகளுக்கு இடையே உழுது களையகற்றிய வெறும் மண். அதில் எரிவதற்கு ஒன்றுமில்லை. தரையோடு ஊர்ந்து வரும் தீ அங்கே உணவின்றிச் சோர்ந்துவிடும். தோட்டத்தின் ஓரத்தில் உள்ள முதல் சில வரிசைகள் கருகும். உட்புறம் பெரும்பாலும் தப்பிவிடும். தீயணைப்பு வாகனங்கள் நுழைவதற்கும், வீரர்கள் நின்று போராடுவதற்கும், பின்வாங்க நேர்ந்தால் பாதுகாப்பாக ஒதுங்குவதற்கும் அத்தோட்டமே திறந்தவெளியாகிறது.

இதற்கு எல்லைகளும் உண்டு. செர்ஸ் காற்று கடுமையாக வீசும்போது எரியும் கிளைகளும் ஊசியிலைக் காய்களும் நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் பறந்து விழும். அவ்வாறு பறக்கும் தீயை எந்தத் தோட்டமும் தடுக்காது. 2025 ஆகஸ்ட் தீ முதல் மணிநேரங்களில் மணிக்குச் சுமார் 1,000 ஹெக்டேர் வேகத்தில் பரவியதாக அதிகாரிகள் தெரிவித்தனர். அத்தகைய வேகத்தில் பராமரிப்பில் இருந்த தோட்டங்களும் சேதமுற்றன. ஆகவே, கொடிகள் இருந்திருந்தால் தீயே வந்திராது என்று கூறுவது மிகை. சம்பவ இடத்துக்குச் சென்ற அப்போதைய பிரதமர் ஃபிரான்சுவா பேய்ரு, முன்னெப்போதும் காணாத அளவிலான பேரழிவு எனக் குறிப்பிட்டு, பருவநிலை மாற்றத்தோடும் வறட்சியோடும் அதனைத் தொடர்புபடுத்தினார். அதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஈரம் குறைவதும் வெப்பம் உயர்வதும் உள்ளூர் நிர்வாகத்தின் கையில் இல்லை. எந்த நிலத்தில் எது விளைகிறது என்பது ஓரளவேனும் கையில் உள்ளது. பிடுங்கப்பட்ட தோட்டத்தில் மாற்றுப் பயிரோ மேய்ச்சலோ இல்லையெனில், முதல் ஆண்டில் புல்லும் களையும் முளைக்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் புதர் வளரும். பத்தாண்டுகளுக்குள் ஊசியிலைக் கன்றுகள் தலைதூக்கும். பிடுங்கவும் பணமின்றிக் கைவிடப்பட்ட தோட்டங்களின் நிலை இன்னும் மோசம். அங்கே காய்ந்த களையும் பட்டுப்போன கொடியும் சேர்ந்து நிற்கும்.

பல்லைப் பிடுங்குவதுபோல்

கொடி அகற்றலைக் குறிக்க பிரெஞ்சு மொழியில் 'அராஷாழ்' என்னும் சொல் வழங்குகிறது. பல்லைப் பிடுங்குவதற்கும் இதே சொல்தான். செய்திகளில் 'பரப்புக் குறைப்பு', 'உற்பத்திச் சீரமைப்பு' என்றெல்லாம் இதனை மென்மையாக மொழிபெயர்க்க வாய்ப்புண்டு. விவசாயிகளின் பேச்சில் அது பிடுங்குதல்தான். டிராக்டரோ மண்வாரி இயந்திரமோ கட்டையை வேரோடு இழுத்தெடுத்து, குவித்து எரித்துவிடுகிறது. அறுபது, எழுபது ஆண்டுக் கொடியாயினும் சில நிமிட வேலை.

இந்நிலைக்கு விவசாயிகளைத் தள்ளிய காரணங்கள் பல. முதலாவது, பிரெஞ்சு மக்களே ஒயின் அருந்துவதைக் குறைத்துவிட்டனர். 1960-களில் ஆண்டுக்குத் தலா 120 லிட்டருக்கு மேல் இருந்த நுகர்வு, இன்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியுள்ளது. மதிய உணவு மேசையில் தண்ணீர்க் குவளைக்கு இணையாக இருந்த சிவப்பு ஒயின், விருந்து நாளுக்குரிய பொருளாகிவிட்டது. வாங்குவோரும் வெள்ளை, ரோஜாநிற வகைகளையோ பீரையோ நாடுகின்றனர். உலக அளவிலும் இதே போக்கு. சர்வதேச திராட்சை மற்றும் ஒயின் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2024-இல் உலக ஒயின் நுகர்வு 21.4 கோடி ஹெக்டோலிட்டர், அதாவது 2,140 கோடி லிட்டர். 1961-க்குப் பின்னர் இதுவே மிகக் குறைந்த அளவு.

சிவப்பு ஒயினையே நம்பியுள்ள கோர்பியேருக்கு இவ்வீழ்ச்சி இரட்டிப்பாக வலிக்கிறது. போர்தோவின் புகழ்பெற்ற மாளிகைகளைப் போன்ற பெயர்வலிமை இங்கு பெரும்பாலான உற்பத்தியாளர்களுக்கு இல்லை. பலர் கிராமக் கூட்டுறவு ஒயின் ஆலைக்குத் திராட்சையை அளித்துவிட்டு, ஆலை விற்கும் விலையில் பங்கு பெறுபவர்கள். சான்று விதிகள் ஹெக்டேருக்கு 50 ஹெக்டோலிட்டர் அளவுக்கு விளைச்சலை அனுமதித்தாலும், வறண்ட ஆண்டுகளில் சரிவு நிலத்தில் அதில் பாதி கிடைப்பதே கடினம். மொத்த விற்பனையில் இப்பகுதிச் சிவப்பு ஒயின் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு யூரோதான் பெறுகிறது. எளிய கணக்கு போட்டாலே விளங்கும்: 25 ஹெக்டோலிட்டர் என்பது 2,500 லிட்டர், வருவாய் 2,500 யூரோ. கத்தரித்தல், உழவு, மருந்து, அறுவடை, ஆலைச் செலவு அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். இந்நிலையில், கொடியைப் பிடுங்கினால் ஹெக்டேருக்கு 4,000 யூரோ என்னும் அறிவிப்பு ஒரு விவசாயியின் காதில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தேசிய அளவிலான அத்திட்டத்துக்கு 12 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. ஐரோப்பிய ஆணையம் 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. அந்த ஒப்புதல் உக்ரைன் போரின் பொருளாதார விளைவுகளைச் சமாளிக்க உருவாக்கப்பட்ட தற்காலிக உதவி விதிகளின் கீழ் வழங்கப்பட்டது என்பது பலர் கவனிக்காத செய்தி. 27,000 ஹெக்டேருக்கும் மேலான பரப்புக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் ஒயின் தொழிலையே விட்டு விலகுவதாகத் தெரிவித்தனர். அதிகம் பிடுங்கப்பட்ட மாவட்டங்களில் போர்தோவை உள்ளடக்கிய ஜிரோந்தும் ஓத்தும் முன்னிற்கின்றன. ஜிரோந்தில் இதற்கு முன்பே, 2023-இல், ஹெக்டேருக்கு 6,000 யூரோ வழங்கும் தனித் திட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. பராமரிப்பற்ற தோட்டங்களிலிருந்து கொடிநோய் பரவுவதைத் தடுப்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

வெளிச்சந்தையும் கைகொடுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியப் பொருள்கள் மீது அமெரிக்கா விதித்த 15 சதவீத வரி நடைமுறைக்கு வந்த நாள் 2025 ஆகஸ்ட் 7. கோர்பியேரில் அன்று தீயணைப்பு வீரர்கள் நெருப்பைக் கட்டுக்குள் கொண்டுவரப் போராடிக்கொண்டிருந்தனர்.

நூற்றாண்டுப் பழமையான காயம்

மிகை உற்பத்தி என்னும் சொல் லாங்தோக்கில் வெறும் பொருளாதாரச் சொல் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதை வந்தபோது, வடபிரான்ஸின் ஆலைத் தொழிலாளர்களுக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் மலிவு ஒயின் அனுப்பும் களஞ்சியமாக இவ்வட்டாரம் மாறியது. தானியமும் ஒலிவமும் விளைந்த நிலங்கள் கொடிக்கு மாறின. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலோக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி அனைத்தையும் அழித்தது. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டி மீண்டும் நட்டனர். பிழைத்தெழுந்த தோட்டங்கள் முன்னிலும் அதிகமாக விளைந்தன. கூடவே, சர்க்கரையும் தண்ணீரும் கலந்து தயாரிக்கப்பட்ட போலி ஒயினும் சந்தையில் குவிந்தது. விலை சரிந்தது.

1907 மார்ச்சில், ஓத் மாவட்டத்தின் அர்ஜலியே என்னும் ஊரில் சிற்றுணவகம் நடத்திவந்த மர்சலாங் அல்பேர், 87 பேரைத் திரட்டிக்கொண்டு நார்போனுக்கு நடந்தார். மூன்று மாதங்களில் அது தென்பிரான்ஸையே உலுக்கிய கிளர்ச்சியாயிற்று. ஜூன் 9-ஆம் தேதி மோன்பெல்லியே நகரில் ஐந்து லட்சம் பேர் வரை திரண்டதாக மதிப்பிடப்படுகிறது. நார்போன் மேயர் எர்னெஸ்ட் ஃபெரூல் கைதானதைத் தொடர்ந்து அந்நகரில் ராணுவம் சுட்டதில் பொதுமக்கள் உயிரிழந்தனர். அப்பகுதி இளைஞர்களையே பெருமளவில் கொண்டிருந்த 17-ஆவது காலாட்படைப் பிரிவின் வீரர்கள், தம் மக்கள் மீது சுட மாட்டோம் எனக் கலகம் செய்து பெசியே நகருக்குள் அணிவகுத்தனர்.

அல்பேர் பாரிஸுக்குச் சென்று பிரதமர் ஜார்ஜ் கிளமான்சோவைச் சந்தித்தார். ஊர் திரும்ப ரயில் கட்டணமாக கிளமான்சோ கொடுத்த 100 பிராங்க் நோட்டை அவர் ஏற்றுக்கொண்ட செய்தி பத்திரிகைகளில் வெளியானது. அவ்வொரு நோட்டினால் அவரது தலைமை சரிந்தது. விலைபோய்விட்டார் என்று சொந்த ஊரே பழித்தது. ஆனால் அந்த ஜூன் மாத இறுதியில், சர்க்கரை கலந்த போலி ஒயினைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. உண்மையான ஒயின் எது என்பதைச் சட்டம் வரையறுக்க வேண்டும் என்னும் கோரிக்கைக்குக் கிடைத்த வெற்றி அது. பிரான்ஸின் பிற்காலப் புவிசார் சான்று முறைக்கும் இதே கோரிக்கை உரமிட்டது.

1976 மார்ச்சில் நார்போனுக்கு அருகே மோன்ரதோன் என்னுமிடத்தில் விவசாயிகளுக்கும் காவல்படைக்கும் இடையே நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஒரு விவசாயியும் ஒரு காவல் அதிகாரியும் உயிரிழந்தனர். அதன் பின்னர் அரசு தேர்ந்துகொண்ட பாதை, தரம் உயர்த்துதலும் பரப்புக் குறைத்தலும் ஆகும். 1980-கள் தொட்டு ஐரோப்பிய நிதியுதவியோடு தொடர்ந்து கொடிகள் பிடுங்கப்பட்டன. 1960-களில் லாங்தோக், ரூசியோன் பகுதிகளில் நான்கு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த தோட்டப்பரப்பு, இன்று ஏறத்தாழ பாதியாகியுள்ளது. எஞ்சியவற்றின் தரம் உயர்ந்தது உண்மை. அக்காலத்தில் பிடுங்கப்பட்டவற்றில் பெரும்பகுதி, நீர் தேங்கும் சமவெளியில் மலிவு ஒயினுக்காக நடப்பட்டவை. அங்கே வேறு பயிரும் விளையும், வீடும் எழும். இப்போது பிடுங்கப்படும் நிலம் அவ்வாறானதன்று. இவ்வேறுபாடே இன்றைய நெருக்கடியின் மையம்.

யார் எதைப் பிடுங்குகிறார்?

நடப்புத் திட்டத்தில், எந்தத் துண்டு நிலத்தைப் பிடுங்குவது என்பதை விண்ணப்பிக்கும் விவசாயியே முடிவு செய்கிறார். ஹெக்டேருக்கு ஒரே தொகை. சமவெளியில் நீர்வசதியுள்ள நிலத்துக்கும், ஊருக்கும் புதர்க்காட்டுக்கும் இடையே தடுப்புச்சுவராக நிற்கும் சரிவு நிலத்துக்கும் வேறுபாடு இல்லை. ஒவ்வொரு விவசாயியும் தமக்குக் குறைந்த வருவாய் தரும் துண்டையே முதலில் விட்டுக்கொடுப்பார் என்பது இயல்பு. வருவாய் குறைந்த துண்டு எது? இயந்திரம் ஏற முடியாத சரிவு. ஊரிலிருந்து தள்ளியுள்ள ஒதுக்குப்புறம். காட்டுப்பன்றி வந்து குலையைத் தின்னும் காட்டோரம். வறட்சியில் விளைச்சல் பாதியாகிப்போன முதிர்ந்த கொடி. அதாவது, தீ வரும் திசையில் நிற்கும் தோட்டமே பெரும்பாலும் முதலில் விழுகிறது.

இதில் விவசாயி மீது குறை காண்பதற்கு இடமில்லை. அவர் தமது வீட்டுக் கணக்கைப் பார்க்கிறார். ஊரைத் தீயிலிருந்து காத்தமைக்காக எவரும் அவருக்கு இதுவரை ஒரு காசும் கொடுத்ததில்லை. ஒயினுக்கான விலையில் அச்சேவை கணக்கிடப்படவே இல்லை. அரசின் தரப்பிலோ, ஒயின் சந்தையைச் சீர்செய்யும் செலவு வேளாண் அமைச்சகத்தின் ஏட்டிலும், தீயணைப்புச் செலவு உள்துறையின் ஏட்டிலும் தனித்தனியே எழுதப்படுகின்றன. இரு ஏடுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாமற் போனதே ஓத் மாவட்டத்தின் சோகம்.

தீயில் பயிர் இழந்தோருக்காக வேளாண் அமைச்சர் அன்னி ஜெனுவார் 2025 ஆகஸ்டில் 80 லட்சம் யூரோ அவசர நிதியை அறிவித்தார். எரிந்த தோட்டங்களோடு புகையால் கெட்ட பயிரும் அதில் கவனத்தில் கொள்ளப்பட்டது. இப்புகைப் பாதிப்பு விசித்திரமானது. விறகுப் புகையில் உள்ள சில வேதிப்பொருள்கள் திராட்சைத் தோலின் வழியே உள்ளே சென்று சர்க்கரையோடு பிணைந்துகொள்கின்றன. பழத்தைத் தின்று பார்த்தால் வேறுபாடு எளிதில் தெரியாது. நொதிக்கும்போது அப்பிணைப்பு அறுபட்டு, சாம்பல் கரைத்ததுபோன்ற சுவை வெளிப்படும். தீ நெருங்காத தோட்டத்துக்காரரும் அறுவடை முடிந்து சில வாரங்கள் கழித்தே தமது இழப்பை அறிய நேரிடும்.

நவம்பரில் இரு நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. 15-ஆம் தேதி பெசியே நகரில் ஆயிரக்கணக்கான ஒயின் விவசாயிகள் திரண்டு அரசின் உதவியைக் கோரினர். 1907-இன் நினைவு அப்பேரணியில் எதிரொலித்தது. அம்மாத இறுதிக்குள் அமைச்சர் ஜெனுவார் புதிய திட்டத்தை அறிவித்தார். அது மேலும் 13 கோடி யூரோ செலவிலான கொடி அகற்றல் திட்டம். கேட்டவர்களுள் பலர் உண்மையிலேயே இதைத்தான் கேட்டனர் என்பதையும் சொல்ல வேண்டும். கடன் தவணை நெருங்கும் விவசாயிக்கு, பத்தாண்டு கழித்து வளரப்போகும் புதரைவிட இம்மாதம் கிடைக்கும் காசோலை பெரிது.

மாற்று வழிகள்

அகற்றலை அடியோடு நிறுத்துவது தீர்வாகாது. குடிப்போர் இல்லாத ஒயினை உற்பத்தி செய்து, பின்னர் அரசு செலவில் அதனைக் காய்ச்சி எரிசாராயமாக மாற்றும் திட்டங்களும் பிரான்ஸில் நடந்துள்ளன. அதனினும் பிடுங்குவது மேல். ஆயினும், இடத்தைப் பொறுத்துத் தொகையை மாற்றியமைக்க முடியும். தீத்தடுப்பு வரைபடத்தில் முதன்மையான இடங்களில் உள்ள தோட்டங்களைப் பராமரிக்க ஆண்டுதோறும் ஓர் ஊதியம், பிற இடங்களில் அகற்றல் உதவி என்று பிரித்தால் ஒதுக்கீடு பெரிதும் உயர வேண்டிய தேவையில்லை. கொடியின் தீத்தடுப்புப் பணிக்கு ஊதியம் வேண்டும் என்னும் கோரிக்கை ஓத் விவசாயிகளிடையே தீக்குப் பின்னர் வலுத்துள்ளது.

மாற்றுப் பயிர்களும் பேசப்படுகின்றன. ஒலிவமும் பிஸ்தாவும் வறட்சியைத் தாங்குபவை; ஆனால் பலன் தரப் பல ஆண்டுகள் எடுப்பவை. மந்தை மேய்ச்சல் புதரைக் கட்டுப்படுத்தும், மேய்ப்பர்தான் கிடைப்பதில்லை. நீர் மற்றொரு சிக்கல். ரோன் ஆற்று நீரைக் குழாய்வழியே மேற்கே கொண்டுவரும் திட்டம் ஓத் கடலோரச் சமவெளி வரை பயன்படுகிறது. உள்கோர்பியேர் குன்றுகளுக்கு அது எட்டவில்லை. கடலோர ஊரான குருய்சானில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைச் சொட்டுநீராகக் கொடிகளுக்குப் பாய்ச்சும் சோதனை நடந்துள்ளது. கழிவுநீரே போதிய அளவில் இல்லாத மலையூருக்கு அதுவும் பொருந்தாது.

வெப்பமோ காத்திருப்பதில்லை. 2019 ஜூன் 28-ஆம் தேதி, அண்டை மாவட்டமான எரோவில் உள்ள வெரார்க் என்னும் ஊரில் 46 டிகிரி செல்சியஸ் பதிவானது. பிரான்ஸின் வரலாற்றில் அதுவே உச்சம். அன்று எரோ, கார் மாவட்டங்களில் தீப்பற்றாமலேயே கொடிகளின் இலையும் குலையும் கருகின.

இந்தியாவுக்கு உள்ள தொடர்பு

இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தப் பேச்சை 2026 ஜனவரி 27-ஆம் தேதி முடித்துக்கொண்டன. ஐரோப்பிய ஒயின் மீது இந்தியா விதிக்கும் 150 சதவீத வரி, ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்போது பாதியாகி, பின்னர் படிப்படியாக உயர்விலை வகைக்கு 20 சதவீதமாகவும் நடுத்தர வகைக்கு 30 சதவீதமாகவும் குறையும். இரண்டரை யூரோவுக்குக் குறைந்த விலையுள்ள ஒயினுக்குச் சலுகை கிடையாது. உள்நாட்டு உற்பத்தியாளரைக் காக்கும் ஏற்பாடு அது. எனவே, ஷாம்பெய்னுக்கும் போர்தோவின் பெயர்பெற்ற வகைகளுக்கும், பூதனாக் போன்ற இடங்களின் முதிர்ந்த கரிஞான் ஒயினுக்கும் இந்தியச் சந்தையின் கதவு சற்றே திறக்கலாம். கூட்டுறவு ஆலைகளின் தொட்டிகளில் தேங்கிக் கிடக்கும் மலிவுச் சிவப்பு ஒயினுக்கு அக்கதவு இல்லை. மாநில அரசுகளின் கலால் வரியும் மதுக்கொள்கையும் ஒப்பந்த வரம்புக்கு வெளியே இருப்பதால், இறக்குமதி வரி குறைவது முழுமையாகக் கடைவிலையில் எதிரொலிக்கும் என எதிர்பார்ப்பதற்கும் இல்லை.

கோர்பியேரில் 2024-ஆம் ஆண்டுத் திட்டத்தின் கீழ் உதவித்தொகை பெற்றவர்கள், புதிய கொடி நடுவதற்கான அனுமதியை 2029 வரை கோர மாட்டோம் என உறுதியளித்துள்ளனர். நட்ட கொடி முறையான விளைச்சல் தர மேலும் மூன்று ஆண்டுகளாவது ஆகும். யாரேனும் மனம் மாறி மீண்டும் நட விரும்பினாலும், பிடுங்கப்பட்ட அச்சரிவுகளில் 2032-க்கு முன்னர் திராட்சை பறிப்பதற்கு வாய்ப்பில்லை. இடைப்பட்ட ஒவ்வொரு கோடையிலும் அந்நிலத்தில் என்ன நிற்கும் என்பதைப் புதிய 13 கோடி யூரோ திட்டத்தின் அறிவிப்பு குறிப்பிடவில்லை.